பெட்டியின் அடிப்பக்கம்

என் கடையில் புத்தகம் கொடுக்கல் வாங்கல் மிகவும் அநாகரிகமாக நடந்து வருகிறது என்பதை எனக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் செயலாளர் யுகேந்திரன்.

என் பெயர் இக்னேஷியஸ். ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சந்துக்குள் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். வாசலில் ஒரு மேசை. வீட்டில் இடம் இல்லாதவர்கள் புத்தகங்களை அதன்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். மனம் இருந்தால் உண்டியலில் ஏதாவது போடுவார்கள், இல்லையென்றால் "வரேன் அங்கிள்" என்பார்கள். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். இதனால் யாரும் செத்துப்போனதாகத் தகவல் இல்லை.

யுகேந்திரன் ஒருநாள் பூப்போட்ட பாத்தேக் சட்டையில் மூன்று பேட்ஜ் குத்திக்கொண்டு வந்து, அந்த மேசையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு ஆள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இரண்டு புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார்.

"அவர் பேர் என்ன அங்கிள்?"

"தெரியாது தம்பி."

"எடுத்துட்டுப் போறவங்க பேரு?"

"அதுவும் தெரியாது."

"போட்டோ?"

"எதுக்கு?"

யுகேந்திரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "குடுத்தவர் யாருன்னு தெரியாது, வாங்குனவர் யாருன்னு தெரியாது, மேடை இல்ல, போட்டோ இல்ல. அப்புறம் இங்க தானம் நடக்குதுன்னு எப்படி நம்பறது? சும்மா பொஸ்தகம் இடம் மாறுது, அவ்ளோதான் லா."

அவர் கிள்ளான் பள்ளத்தாக்கு நூற்கொடை மாமன்றத்தின் செயலாளர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குப் பார்த்து லோகேஸ்வரி டீச்சரின் பெட்டி என் காலடியில் இருந்தது. சனியன் எப்போதும் நேரம் பார்த்துத்தான் வரும்.

லோகேஸ்வரி டீச்சர் இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர். மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் கிளம்பும்போது இருபத்து நான்கு புத்தகங்களை என்னிடம் விட்டுப் போனார். அதில் இரண்டு முக்கியம். படிவம் நான்கு, படிவம் ஐந்து செஜாரா, அதாவது சரித்திரப் பாடநூல்கள். அச்சு மலாயில் இருக்கும். ஓரமெல்லாம் டீச்சர் பென்சிலால் தமிழில் விளக்கம் எழுதியிருப்பார். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை, எறும்பு ஊர்ந்த மாதிரி. அப்படி இன்னொரு பிரதி உலகத்திலேயே கிடையாது.

அந்த இரண்டையும் குமுதாவுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். குமுதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கிள்ளானில் வீடு. விடியற்காலை கொமுட்டர் ரயில் பிடித்து இங்கே ஒரு பெரிய மருத்துவமனைக்கு வந்து தரை துடைப்பாள். பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. கம்பெனி மாறினால் இவள் மறுபடியும் புது ஆள், பழைய சம்பளம். அங்கேயே நிரந்தர உதவியாளர் வேலை காலியாக இருந்தது. எஸ்பிஎம், அதாவது ஐந்தாம் படிவத்துப் பரீட்சைச் சான்றிதழ் கேட்டார்கள். குமுதா போன வருடம் தனியாகப் பரீட்சை எழுதினாள். மற்ற பாடமெல்லாம் தேறி, செஜாராவில் கவிழ்ந்தாள். செஜாரா தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. "பேசுற மலாய் புரியுது அங்கிள், பொஸ்தகத்து மலாய் கல்லு மாதிரி இருக்கு" என்பாள். நவம்பரில் மறுபடி எழுதவேண்டும். அதற்குப் பிறகு அந்த வேலை காத்திருக்காது.

"இந்தப் பெட்டிய ஒரே ஒரு நாள் குடுங்க அங்கிள்" என்றார் யுகேந்திரன். "ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சி. திங்கக்கிழமை காலையில உங்க மேசையில இருக்கும். பேப்பர்ல உங்க படம் வரும்."

பேப்பர். படம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சபலம் தட்டியது. முப்பத்து நான்கு வருடம் மற்றவன் டிக்கெட்டில் ஓட்டை போட்டவனுக்கு ஒரு தடவை தன் மூஞ்சியைப் பேப்பரில் பார்க்க ஆசை இருக்காதா? சரி என்றேன். வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், வசதி குறைந்தவராகவும் முகம் கொஞ்சம் சோகமாகவும் இருந்தால் நல்லது என்றார். குமுதாவின் பெயரைச் சொன்னேன். எப்படியும் அவளுக்குத்தானே போகப்போகிறது, மாலையும் மரியாதையுமாகப் போகட்டுமே என்று நினைத்தேன். புத்தி கெட்டவன்.

பெட்டிக்குத் தங்க நிறக் காகிதம் சுற்றி சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். காகிதம் போதவில்லை. அடிப்பக்கத்தை அப்படியே விட்டு வெள்ளை டேப் ஒட்டினார்கள். அடிப்பக்கம் போட்டோவில் வராது என்று யுகேந்திரன் விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஐந்து முகக் குத்துவிளக்கை ஏழு பிரமுகர்கள் ஏற்றினார்கள். மிச்சமிருந்த இரண்டு பேருக்காக இரண்டு திரியை அணைத்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. அப்புறம் பெட்டி கிளம்பியது. நான் உதவிச் செயலாளரிடம் கொடுத்தேன், அவர் பொருளாளரிடம், பொருளாளர் மகளிர் பிரிவுத் தலைவியிடம். ஒவ்வொரு கைக்கும் ஒரு போட்டோ. கேமராக்காரர் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றால் பெட்டி பழைய கைக்குத் திரும்பிப் போய் மறுபடி வரும். எட்டாவது கை, டத்தோ பட்டம் வாங்கிய மாமன்றத் தலைவர் திருச்செல்வம்.

டத்தோ மைக்கைப் பிடித்தார்.

"நான் மறைக்க மாட்டேன். வாழ்க்கையில் ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்தவன் இல்லை நான். ஆனால் எத்தனை புத்தகம் கொடுத்திருக்கிறேன், பாருங்கள்! படிக்கிறவன் யாருக்காகப் படிக்கிறான்? தனக்காக! அது சுயநலம். கொடுக்கிறவன் சமுதாயத்துக்காகக் கொடுக்கிறான். நம் இனத்துக்கு இன்று தேவை படிக்கிறவர்கள் அல்ல, கொடுக்கிறவர்கள்!"

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், என்ன செய்வது.

கடைசியில் குமுதாவைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். குமுதா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். கடைசிப் படியில் யுகேந்திரன் நின்றிருந்தார்.

"குடுங்க அக்கா."

"எதை?"

"பெட்டிய."

"இப்பதானே எனக்குக் குடுத்தாங்க?"

"ஆமா, உங்களுக்குத்தான் குடுத்தாச்சு. அதுல டவுட்டே இல்ல. ஆனா அடுத்த வாரம் காஜாங்ல குடுக்கணுமே?"

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் டத்தோவின் முழங்கை இருந்தது. திங்கள் வந்தது, பெட்டி வரவில்லை. குமுதா வந்தாள்.

"அங்கிள், நீங்களும் அவங்களோட சேந்துட்டீங்களா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் வேலைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாமன்ற அலுவலகத்துக்கு ஓடினேன். சுவரெல்லாம் போட்டோ. புத்தக அலமாரி ஒன்று இருந்தது, அதற்குள் கேடயங்கள் இருந்தன.

"தம்பி, அந்த ரெண்டு பொஸ்தகத்த மட்டும் எடுத்துக்கிறேனே."

"பெட்டியப் பிரிச்சா மறுபடி சுத்தணும் அங்கிள். அந்தத் தங்கப் பேப்பர் என்ன பாசார்லயா கிடைக்குது?"

"அப்ப வேற பெட்டி ஒண்ணு பண்ணிக்குங்க."

"ரெண்டு பெட்டி இருந்தா எது அசல்னு குழப்பம் வரும் லா." யுகேந்திரன் ஒரு கோப்பைப் புரட்டி, இரக்கத்தோடு சொன்னார்: "ஒண்ணு பண்ணலாம். விதி ஒன்பது. பெறுநர் மாமன்ற வேன்ல வரலாம். வர்ற வழியில பெட்டிய மடியில வச்சிக்கலாம். மேடையிலயும் வச்சிக்கலாம். ஆனா தங்கப் பேப்பர்ல ஒரு கீறல் விழக்கூடாது."

இதைக் குமுதாவிடம் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "போறேன் அங்கிள். என் பொஸ்தகம் எங்க போகுதோ அங்க நானும் போறேன்."

போனாள். காஜாங்கில் பெட்டி கொடுக்கப்பட்டது. ரவாங்கில் கொடுக்கப்பட்டது. ரவாங்கில் கேமராவுக்கு பேட்டரி தீர்ந்துபோனதால் மறு ஞாயிறு அதே மண்டபத்தில் மறுபடி கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் மாமன்றத்தின் கணக்கில் இருபத்து நான்கு நூல்கள் ஏறின. "ஆறு நிகழ்ச்சிகளில் நூற்று நாற்பத்து நான்கு நூல்கள்!" என்று டத்தோ முழங்கினார். பேப்பரில் அது சுமார் முந்நூறு என்று வந்தது. குமுதாவிடம் ஆறு பொன்னாடைகள் சேர்ந்தன.

இதற்கிடையில் என் கடையில் ஒரு விபரீதம் நடந்தது. அலமாரியைத் துடைக்கும்போது ஒரு பலகாரப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. மஞ்சள் கறை படிந்த அட்டை. டீச்சருடையது. என் கையாலேயே பெட்டிக்குள் வைத்தேனே! அடுத்த வாரம் அட்டை இல்லாத மலாய் அகராதி வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த வாரம், சண்டைமீன் வளர்ப்பது எப்படி என்ற நூல். வீட்டில் வெரோனிகாவிடம் சொன்னேன். "சுகர் பார்த்தீங்களா இன்னிக்கு?" என்றாள். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் என்மேல் அவள் வைத்திருக்கும் நம்பிக்கை அவ்வளவு.

ஜெஞ்சாரோம் நிகழ்ச்சிக்கு நானும் வேனில் ஏறினேன். யுகேந்திரன் முன் சீட்டில் போனில் பேசிக்கொண்டே வந்தார். குமுதா கடைசி சீட்டில் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் மாமன்றத்தின் சிறப்பு மலர்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வேன் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவள் பெட்டியைப் பதனமாகக் கவிழ்த்தாள். வெள்ளை டேப்பை நகத்தால் கிளப்பினாள். மிச்சமிருந்த டீச்சர் புத்தகம் ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். ஒரு மலரை எடுத்து அந்த இடத்தில் செருகினாள். டேப்பை அமுக்கினாள். தங்கக் காகிதத்தில் கீறல் இல்லை.

எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"எடை கொறஞ்சா தெரிஞ்சிடும் அங்கிள்" என்று மெல்லச் சொன்னாள். "இந்த மலரு நல்ல கனம். எடுத்த மத்த பொஸ்தகமெல்லாம் உங்க கடைக்கு வந்திருச்சில்ல? மேசையில வச்சா இவங்க கண்ணுல படும்னுதான் உள்ள வச்சேன்."

"செஜாரா?"

கைப்பையைத் திறந்து காட்டினாள். இரண்டும் இருந்தன. "மொத நாளே எடுத்துட்டேன்."

"அப்பறம் ஏம்மா இன்னும் இவங்க பின்னாடி அலையற?"

"வீட்ல உக்காந்தா சோறு, துணி, மாமியாருக்கு மருந்து. வேலையில ரெண்டு ஷிப்ட். இந்த மேடையில மூணு மணி நேரம் ஏர்கோன் போட்டு உக்கார வைக்கிறாங்க. யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க, யாரும் என்னைப் பாக்கவும் மாட்டாங்க. பெட்டிக்குப் பின்னாடி பொஸ்தகத்தை விரிச்சா நான் பாட்டுக்குப் படிக்கலாம். எங்க அங்கிள் கிடைக்கும் இது?"

அன்று மேடையின் கடைசி வரிசையைப் பார்த்தேன். டத்தோ சுயநலத்தைக் கண்டித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தங்கப் பெட்டியின் மறைவில், குமுதா மலாயன் யூனியன் பாடத்தில் இருந்தாள். திரும்பும்போது வேனில் அந்தப் பக்கத்தை எனக்கும் காட்டினாள். ஓரத்தில் டீச்சரின் பென்சில்: "சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கிய விதத்தைக் கவனி. படித்துப் பார்க்க நேரமே கொடுக்கவில்லை. கேள்வி வரும்!"

அக்டோபர் முடிவதற்குள் பெட்டி பதினோரு தடவை கொடுக்கப்பட்டுவிட்டது. உள்ளே இருபத்து நான்கும் மலர்.

பன்னிரண்டாவதுதான் மகா விழா. கிள்ளானில். டத்தோவைவிடப் பெரிய பட்டக்காரர், ஒரு டான் ஸ்ரீ வருகிறார். அவருக்கு ஒரே ஒரு நாள்தான் தோதுப்பட்டது, அது செஜாரா பரீட்சை நாள். யுகேந்திரன் என் கடைக்கே வந்து குமுதாவைப் பிடித்துக்கொண்டார்.

"பரீட்சை வருஷா வருஷம் வரும் அக்கா. டான் ஸ்ரீ வருஷா வருஷம் வருவாரா?"

"எனக்கு இந்த வருஷம் விட்டா வேலை போயிரும் தம்பி."

"நீங்க படிக்கணும்னுதானே டத்தோவும் நாங்களும் இவ்ளோ பாடுபடறோம்?" யுகேந்திரனின் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "அந்த நன்றி இருந்தா பரீட்சைக்குப் போவீங்களா?"

குமுதா என்னைப் பார்த்தாள். பயம் எனக்குப் புரிந்தது. வேறு ஆள் பெட்டியைத் தொட்டு விஷயம் வெளியே வந்தால் திருடி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். மருத்துவமனை வரைக்கும் போகும்.

"நான் வாங்கிக்கிறேன்" என்றேன்.

யுகேந்திரன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க மொகத்துல சோகம் பத்தாதே அங்கிள்."

"கல்யாணமாகி நாப்பது வருஷம் தம்பி. வந்துரும்."

விழாவன்று டான் ஸ்ரீ இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். பெட்டி கைமாறத் தொடங்கியது. பதினொன்றாவது கையில் அவரிடம் வந்தது. நான் வாங்கக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

"உள்ள என்ன பொஸ்தகம்?" என்றார்.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. டத்தோ யுகேந்திரனைப் பார்த்தார். யுகேந்திரன் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்.

"நல்ல... நல்ல பொஸ்தகங்கள் டான் ஸ்ரீ."

"தொறங்க. நான் ஒண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"டான் ஸ்ரீ, தொறக்கறதுக்கு நிகழ்ச்சியில நேரம் ஒதுக்கல..."

டான் ஸ்ரீ ரிப்பனை இழுத்துவிட்டார். கிழி கிழியென்று தங்கக் காகிதம் கிழிந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரை. குமுதா இரண்டாம் தாளில் இருப்பாள். மாதாவே, அவள் எழுதி முடிக்கிற வரைக்கும் இவர்களுக்குக் கண் தெரியாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பெட்டிக்குள்ளிருந்து இருபத்து நான்கு டத்தோக்கள் சிரித்தார்கள். மலரின் அட்டையில் டத்தோ திருச்செல்வம், கையில் தங்கப் பெட்டி.

டத்தோ ஒரு மலரை எடுத்தார், புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அவரே. கண் கலங்கிவிட்டது. மைக்குக்குத் தள்ளாடிப் போனார்.

"பதினோரு ஊர்களில்... என் மக்களுக்கு நாம் கொடுத்தது இதைத்தானா? எனக்குத் தெரியாமலே செய்திருக்கிறார்களே! என் தன்னடக்கத்துக்குப் பயந்து மறைத்திருக்கிறார்களே! இதைவிட ஏழைகளுக்குப் பயனுள்ள நூல் எது?"

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. டான் ஸ்ரீ ஒரு பிரதியைக் கையில் வைத்து, "கலர் பிரிண்டிங் நல்லா இருக்கு" என்றார்.

மேடைக்குப் பின்னால் யுகேந்திரன் என் சட்டையைப் பிடித்தார். "அங்கிள், உள்ள இருந்த பொஸ்தகமெல்லாம் எங்க?"

"குடுத்தாச்சு."

"யாருக்கு?"

"குமுதாவுக்கு. நீங்கதானே தம்பி பதினோரு தடவை குடுத்தீங்க? அவ ஒரு தடவை வாங்கிட்டா."

யுகேந்திரனின் கை தளர்ந்தது. கோபம் இல்லை. குழப்பம்தான். "வாங்கிட்டாங்களா?" என்றார். "அதுக்கு நம்மகிட்ட ஃபாரமே இல்லையே அங்கிள்." ஃபாரம் இல்லாத ஒன்றைப் பற்றி மாமன்றத்தில் புகார் செய்ய முடியாது. விஷயம் அதோடு அமுங்கிப்போனது.

பரீட்சை முடிவு வந்த வாரம் குமுதா கடைக்கு வந்தாள். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். செஜாராவில் சி. மருத்துவமனையிலிருந்து நிரந்தர வேலைக்குக் கடிதமும் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, வந்தால் என்ன? அழுதேன். அவள் இரண்டு பாடநூல்களையும் வாசல் மேசையில் வைத்தாள். டீச்சரின் பென்சிலுக்குக் கீழே இவளுடைய நீலப் பேனாவும் ஓடியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமன்ற வேன் சந்துக்குள் நுழைந்தது. யுகேந்திரன் கை கூப்பிக்கொண்டே இறங்கினார்.

"வாழ்த்துகள் அக்கா! இது மாமன்றத்தோட வெற்றி. ஞாயித்துக்கிழமை ரவாங்ல உங்களுக்குப் பாராட்டு. இப்பவே ஒரு போட்டோ எடுத்துருவோம். அங்கிள், கடையில வெளிச்சம் எங்க நல்லா இருக்கு? சான்றிதழ் மேல எங்க சின்னத்தை ஒட்டலாமா? சும்மா போட்டோவுக்குத்தான் லா."

அவர் உள்ளே போய் ஸ்விட்சுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குமுதாவின் கண் வேன்மேல் இருந்தது. கடைசி சீட்டில் ஒரு பெண், மடியில் தங்கப் பெட்டி. புதுக் காகிதம். இந்தத் தடவையும் அடிப்பக்கத்துக்குப் போதவில்லை. குமுதா மேசையிலிருந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வேன் ஜன்னலுக்குப் போனாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"உங்க பேரு என்ன?"

"வாணி. ரவாங்ல பெக்டரி வேலை."

"எஸ்பிஎம்ல எது போச்சு?"

"செஜாராதான் அக்கா. ரெண்டு தடவை."

குமுதா புத்தகங்களை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினாள். வாணி ஓரத்துத் தமிழைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயோ, இதுக்கு யார்கிட்ட கையெழுத்துப் போடணும்?"

"யார்கிட்டயும் வேணாம். பையில வச்சிக்குங்க. பெட்டியில உள்ளது வேணும்னா அடியில வெள்ளை டேப்பு இருக்கு, நகத்தால கிளப்புங்க." குமுதா கடைக்குள் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "மேடையில கடைசி நாற்காலியக் கேட்டு வாங்கிக்குங்க. டத்தோ மைக்கப் பிடிச்சதும் மூணாம் பாடம் தொறங்க. அவர் நன்றி சொல்றதுக்குள்ள அஞ்சாம் பாடம் முடிஞ்சிரும்."